மாமியாருக்கு ஐந்து பாகை

மாமியாரின் வாய்க்கு விலை, ஒரு நாளைக்கு நாலாயிரத்து இருநூறு. இது குத்துமதிப்பாகச் சொன்னது இல்லை. மருமகனான கண்ணாடிக்கடைக்காரர், மாமியார் கல்லாவில் உட்கார்ந்திருந்த மாதத்து விற்பனையிலிருந்து அவர் இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் படுத்த மாதத்து விற்பனையைக் கழித்து, நாட்களால் வகுத்துக் கண்டுபிடித்த சுத்தமான தொகை. மூக்குக்கண்ணாடி அதே கண்ணாடி, கடையும் அதே கடை. குறைந்தது அந்த வாய் ஒன்றுதான்.

கடைக்காரர் நல்ல மனுஷர். வியாபாரத்தில் அதைவிடப் பெரிய வியாதி கிடையாது. வந்தவர், "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்றால் குறைப்பார். வந்தவர் பேசாமல் நின்றால், கோபமோ என்று பயந்து இன்னும் குறைப்பார். ஒருநாள் ஒன்றுமே கேட்காமல் நின்றிருந்த ஒருவரிடம் மூன்று தடவை விலையைக் குறைத்து, துடைக்கிற துணியையும் சும்மா கொடுத்தார். வந்தவர் வழி கேட்க வந்தவர்.

மாமியாரின் தொழில்முறையே வேறு. விலையைப் பற்றி மூச்சு விடமாட்டார். முதலில் மூக்கைப் பார்ப்பார். "ஐயோ, இந்த மூக்குக்கா இந்தச் சட்டம்? மூக்கு கோவிச்சுக்கும்!" என்பார். பிறகு வாங்காமல் போனால் சொந்த மூக்குக்கே துரோகம் செய்த மாதிரி ஆகிவிடும். யார் போவார்கள்?

வீட்டில் அடைத்து வைத்தும் அந்த வாய் ஓயவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கிடைத்தவர்களிடமெல்லாம் தொழில் பழகினார். டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால், "எட்டுல முடிச்சுக்கலாம் டாக்டர், உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்" என்பார். கடைக்காரரின் மனைவிதான் கடைசியில் கையைக் கூப்பினாள்.

"என்னங்க, எங்கம்மாவை எப்படியாவது கடைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. காலையில குளிக்க வெக்கறதுக்குக்கூடப் பேரம் பேசறாங்க. நாலு சொம்பு ஊத்தினா ஒரு சொம்பைத் திருப்பிக் குடுங்கறாங்க."

கூட்டிக்கொண்டு போவதில் ஒரே ஒரு சிக்கல். கடை தெருவைவிட அரை மீட்டர் உயரத்தில் இருந்தது. மூன்று படி ஏற வேண்டும். முதல் நாள் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கினார்கள். இரண்டாவது படியில் மாமியார் இறக்கச் சொல்லிவிட்டார்.

"வேணாம் மாப்பிள்ளை. சாமான் மாதிரி தூக்கிட்டு வந்து வெச்சீங்கன்னா, வர்றவன் என்னையும் என்ன விலைன்னு கேப்பான். நானா உருட்டிக்கிட்டு உள்ள போகணும். இல்லேன்னா போகல."

கொத்தனார் வந்து பார்த்தார். கடைவாசலுக்கும் தெருவுக்கும் நடுவே நாலு மீட்டர் அகலத்தில் வெற்றிடம் கிடந்தது. "ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சாய்தளம் இழுத்துட்டா அம்மா ஒத்தைக் கையால ஏறிடுவாங்க. சாய்வு அஞ்சு டிகிரிதான் வரும். ஆனா இடம் நகராட்சியோடது. நேத்து பக்கத்துத் தெருவுல ஒருத்தர் வாசல்ல பலகை போட்டாரு. பலகையையும் எடுத்துட்டாங்க, வாசலையும் அளந்துட்டுப் போயிட்டாங்க. அனுமதி வாங்கிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படித்தான் கடைக்காரர் சாய்வு மற்றும் சரிவு அனுமதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அலுவலகம் ஒரே கூடம். நுழைந்தவுடன் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் நீல வெல்வெட் துணிமேல் இரண்டு மூலைமட்டங்கள். பள்ளிக்கூடத்துப் பையன்களின் பெட்டியில் இருக்குமே, பிளாஸ்டிக்கில் முக்கோணமாக, அதேதான். பேழைக்குப் பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் விறைப்பாக நின்றார். அவர் சட்டைப்பையின்மேல் 'முக்கோணக் காப்பாளர்' என்று தைத்திருந்தது. கடைக்காரர் பேழைமேல் கைவைத்தார்.

"மூச்சுக்காத்து படக்கூடாது" என்றார் காப்பாளர்.

விண்ணப்பத்தைப் பார்த்தது சாய்வு அதிகாரி. மேஜைக்குப் பின்னால் சுவரில் பெரிய பலகை: 'அங்கீகரிக்கப்பட்ட கோணங்கள்: 30, 45, 60.' அதிகாரி விண்ணப்பத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு கடைக்காரரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அஞ்சு டிகிரி. கொத்தனார் சொன்னார்."

"கொத்தனாருக்குச் செங்கல்லைப் பத்தித் தெரியும். அஞ்சுன்னு ஒரு கோணம் கிடையாது."

கடைக்காரர் பலகையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். "இல்ல சார், லேசா, இப்படிச் சாய்வா..." என்று கையைச் சாய்த்துக் காட்டினார்.

"கையைக் கீழ போடுங்க. அனுமதி இல்லாத கோணத்தை அலுவலகத்துக்குள்ள காட்டக் கூடாது" என்றார் அதிகாரி. கடைக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அது எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறதோ என்று அவருக்கே உள்ளூரப் பயமாக இருந்தது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். பேச ஆரம்பிக்கும் ஆள் சாய்கிற சாய்வு அது.

"இந்த அலுவலகம் எப்படி ஆரம்பிச்சது தெரியுமா? ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஜியாமெட்ரி பெட்டி. பெட்டிக்குள்ள ரெண்டு மூலைமட்டம். ஒண்ணுல முப்பதும் அறுபதும். இன்னொண்ணுல ரெண்டு பக்கமும் நாற்பத்தஞ்சு. அதை வெச்சுத்தான் இந்த ஊரோட எல்லாச் சரிவையும் நிர்வாகம் பண்றோம். பெட்டியில இருந்தா அது கோணம். இல்லேன்னா அது அபிப்பிராயம்."

"அப்ப தொண்ணூறு சார்? மூலைமட்டத்துல ஒரு மூலை தொண்ணூறுதானே?"

அதிகாரியின் முகம் வாடியது. ஆறாத புண்ணில் கைவைத்த மாதிரி. "தொண்ணூறுக்கு டேன் மதிப்பு கேட்டு மேலிடத்துக்கு எழுதினோம். 'வரையறுக்கப்படவில்லை'ன்னு பதில் வந்துது. வரையறுத்து அனுப்பச் சொல்லித் திரும்ப எழுதியிருக்கோம். அதுவரைக்கும் இந்த ஊருல யாருக்கும் நேரா நிக்க அனுமதி குடுக்கறதில்ல."

"சுவரெல்லாம் நிக்குதே சார்?"

"அது சுவரோட சொந்தப் பொறுப்பு."

அதிகாரி கடைக்காரரின் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க. உங்க மாமியாருக்கு நான் முப்பது தர்றேன். இருக்கறதுலயே சின்னது அதுதான். பாருங்க: உங்க கடை உயரம் அரை மீட்டர். முப்பதுக்கு சைன் என்ன? அரை. அரையை அரையால வகுத்தா? ஒண்ணு. சாய்தளம் சரியா ஒரே ஒரு மீட்டர்! புள்ளியும் இல்ல, சில்லறையும் இல்ல. உங்க அஞ்சுக்குப் பார்த்தீங்கன்னா..." அவர் கணிப்பானைத் தட்டி, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, முகத்தைச் சுளித்தார். "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு ஏழு ஒண்ணு அஞ்சு அஞ்சு ஏழு... இது எங்க போய் முடியுது சொல்லுங்க? படிவத்துல ஒரு எண்ணை எழுத இருக்கறது ரெண்டே கட்டம். உங்க மாமியாருக்காக நான் கட்டத்தை நீட்ட முடியுமா?"

"ஒரு மீட்டர்ல அரை மீட்டர் ஏறணும்னா, ரொம்பச் செங்குத்தா இருக்குமே சார்?"

"இருக்கும். ஆனா கணக்கு சுத்தமா இருக்கும்."

அதன்படி ஒரு மாதிரிச் சாய்தளம் பலகையில் செய்யப்பட்டு, கடைவாசலில் பொருத்தப்பட்டது. விதிப்படி, பயனாளியே ஏறிக் காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் சிமெண்ட். குறித்த நாளில் அதிகாரி வந்தார். பின்னால் காப்பாளர், இரண்டு கையிலும் வெல்வெட் பெட்டியை ஏந்திக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் கால்படாமல் நடந்து வந்தார். கடைக்காரர் மாமியாரை உருட்டிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

மாமியார் பலகையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது ஏறறதுக்கா, சறுக்கறதுக்கா?"

"முப்பது டிகிரி அத்தை. சார் பார்த்துப் போட்டுக் குடுத்தது."

மாமியார் அதிகாரியைப் பார்த்தார். கல்லாவில் உட்காராமல் மாதக்கணக்கில் பட்டினி கிடந்த கண்கள் அவரைத் தலை முதல் கால் வரை மேய்ந்தன.

"ஐயா, என் கடையில யார் வந்தாலும் நான் முதல்ல மாட்டிக் காட்டிட்டுத்தான் குடுப்பேன். உங்க சரக்கை நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டிடுங்க. பார்த்துட்டு நான் ஏறிக்கறேன். வயசானவ, பார்த்தாத்தானே புரியும்?"

அதிகாரிக்கு இதில் பொறி எங்கே என்று தெரியவில்லை. தெருவில் வேறு கூட்டம் கூடிவிட்டது. "இதுல என்னம்மா இருக்கு?" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மாமியாரை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். அதிகாரி சக்கர நாற்காலியில் அமர்ந்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்தார். கடைக்காரர் ஒரு பக்கம், காப்பாளர் ஒரு பக்கம், முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். நாற்காலி மூச்சுவாங்கிக்கொண்டு பலகையில் ஏறியது. பாதி தூரம் வந்தது.

அந்த நேரத்தில்தான் காப்பாளருக்குக் கடமை ஞாபகம் வந்தது. இயக்கத்தில் இருக்கும்போதே கோணத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. கடமை தவறாத மனுஷர். நாற்காலியை விட்டார். பெட்டியைத் திறந்தார். மூலைமட்டத்தை எடுத்து, ஊதித் துடைத்து, பலகைக்கு அடியில் பொருத்தினார்.

கடைக்காரருடைய ஒரு கைக்கு அதிகாரியின் எடை கொஞ்சம் அதிகம்.

நாற்காலி வந்த வழியே திரும்பிப் போனது. பலகையை விட்டு இறங்கி, வெற்றிடத்தைக் கடந்து, தெருவுக்குள் போனது. தெரு இயல்பிலேயே எதிர்ப்பக்கம் கொஞ்சம் சரிவு. அந்தச் சரிவுக்கு யாரும் அனுமதி வாங்கியதில்லை. அதிகாரி எல்லாரையும் பார்த்தபடியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பதவியில் இருப்பவர் விடைபெறுகிற மாதிரி ஒரு கை உயர்ந்திருந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் மரியாதையாக நின்று வழிவிட்டார். எதிரே மெத்தைக் கடை. விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த மெத்தைகளில் நாற்காலி போய் மோத, அதிகாரி மட்டும் பயணத்தைத் தொடர்ந்து மேல்மெத்தையில் மல்லாந்து சேர்ந்தார்.

மெத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது:

"கோணம் என்னய்யா வந்துது?"

"முப்பதேதான் சார்!" என்று எதிர்ச்சாரியிலிருந்து கத்தினார் காப்பாளர்.

"எழுதிக்கோ. சாய்தளம் நல்லா வேலை செய்யுது. நாற்காலிதான் ஒத்துழைக்கல. நாற்காலியை மாத்தச் சொல்லு."

மெத்தைக் கடைக்காரர் ஏற்கெனவே குனிந்து, "சார், இது சாதாரண ரகம். இதுக்கே இப்படி ஏந்துதுன்னா, உள்ள இருக்கறதை நீங்க விழுந்து பார்க்கணும்" என்று ஆரம்பித்திருந்தார்.

அனுமதி போச்சு, மாமியார் இனி கடைப்பக்கம் எட்டிப் பார்க்கப்போவதில்லை, ஆயுசுக்கும் வழி கேட்க வருகிறவர்களுக்குத் துணி கொடுத்தே ஓட்ட வேண்டும் என்று கடைக்காரருக்குக் கண்முன்னால் எல்லாம் ஓடியது. ஆனால் மாமியார் முக்காலியிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நாற்காலியை எடுத்துட்டு வாங்க. என்னை அங்க தள்ளிக்கிட்டுப் போங்க."

"எதுக்கு அத்தை? அவரு படுத்திருக்காரு."

"அதான் நேரம். நிக்கற ஆளு நடையைக் கட்டிடுவான். படுத்திருக்கறவன் எங்க போவான்?"

மெத்தைக் கடைக்குள் மாமியார் உருண்டு வந்தார். அதிகாரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் எழ முடியவில்லை. தலைமாட்டில் காப்பாளர் பெட்டியோடு நின்றார்.

"ஐயா, முப்பது ரொம்ப ஜாஸ்தி. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"அம்மா, இது கத்தரிக்கா வியாபாரம் இல்ல. கோணம்."

"சரி, எனக்கும் வேணாம் உங்களுக்கும் வேணாம். இருபது?"

"இருபதே கிடையாதும்மா!"

"உங்ககிட்ட இல்லேன்னா வேற எந்த அலுவலகத்துல கிடைக்கும்?"

அதிகாரிக்கு ரோஷம் வந்தது. "எங்கயும் கிடைக்காது! யோவ், அதை எடுத்துக் காட்டு இந்த அம்மாவுக்கு. கண்ணால பார்த்தாத்தான் அடங்குவாங்க."

காப்பாளர் பெட்டியைத் திறந்து, மூலைமட்டத்தை மெத்தையின்மேல் செங்குத்தாக நிறுத்தினார். மெத்தை அல்லவா? அது மெல்லச் சாய்ந்து, பொத்தென்று படுத்துக்கொண்டது. மறுபடி நிறுத்தினார். மறுபடி படுத்தது. காப்பாளரின் நெற்றி வியர்த்துவிட்டது.

"சார்! படுத்துடுச்சு சார்!"

"நிமிர்த்துய்யா!"

"நிக்க மாட்டேங்குது சார்!"

மாமியார் படுத்திருந்த மூலைமட்டத்தைப் பார்த்தார். படுத்திருந்த அதிகாரியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மூக்கைப் பார்த்துச் சட்டத்தை எடுக்கும்போது வருகிற தெளிவு.

"ஐயா, ஒரு சந்தேகம். இது படுத்துட்டா டிகிரி குறைஞ்சிடுமா?"

"அது எப்படி..." என்று ஆரம்பித்த அதிகாரி நிறுத்தினார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அலுவலக வரலாற்றில் மூலைமட்டம் நின்றபடிதான் அளந்திருக்கிறது.

"இப்ப நீங்களே படுத்திருக்கீங்க. அதனால அதிகாரி இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகவே ஆகாது!" எழ முயன்று, "அம்மா!" என்று மறுபடி சாய்ந்தார். "படுத்தாலும் நான் அதிகாரிதான்."

"அப்ப அதுவும் படுத்தாலும் முப்பதுதானே?"

காப்பாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கூரையைப் பார்த்தார். இல்லை என்றால் தன் பதவி போகும். ஆமாம் என்றால் என்ன போகும் என்று தெரியவில்லை.

"...முப்பதுதான்."

"விதியில முப்பது நிக்கணும்னு போட்டிருக்கா? இருந்தாப் போதும்னு போட்டிருக்கா?"

"சாய்தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கோணம் அமைந்திருக்க வேண்டும்னு போட்டிருக்கு" என்றார் காப்பாளர். அவர் அதைத் தினமும் ஒப்பிப்பவர்.

மாமியார் நாற்காலியை இன்னும் ஒரு சக்கரம் முன்னால் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினார். வியாபாரம் முடியப்போகிறது என்றால் அவர் குரல் தாழும். கடைக்காரருக்கு அது தெரியும்.

"அப்ப பாருங்க. சாய்தளத்தைக் கடைச்சுவருக்கு நேரா வெளிய இழுக்காம, சுவரை ஒட்டிக் கோணலா இழுப்போம். இந்த மட்டம் படுத்திருக்கு பாருங்க, இதே மாதிரி. சுவருக்கும் சாய்தளத்துக்கும் நடுவுல முப்பது. உங்க முப்பது தரையில படுத்துக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும். ஏறுற ஏத்தம் எவ்வளவுன்னு படிவத்துல கட்டம் இருக்கா?"

"ஒரு கோணத்துக்குத்தான் கட்டம் இருக்கு" என்றார் அதிகாரி மெதுவாக.

"அதை முப்பதுன்னு ரொப்பிடுங்க. மிச்சத்தை நான் உருட்டிக்கறேன்."

கடைக்காரர் பின்னாளில் மனைவியிடம் விளக்கினார்: "உங்கம்மா சொல்றாங்க, வர்ற ஆளுக்கு வேண்டியது தள்ளுபடி இல்லையாம். தள்ளுபடின்னு எழுதின சீட்டுதானாம். அவருக்கு முப்பது வேணும், நமக்கு அஞ்சு வேணும். ரெண்டும் ஒரே சாய்தளத்துல இருந்துட்டுப் போகட்டுமேன்னுட்டாங்க."

கொத்தனார் சாய்தளத்தைக் கட்டி முடித்தார். அதிகாரி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு திறந்து வைக்க வந்தார். காப்பாளர் அளவுநாடா பிடித்தார். சாய்தளம் ஆறு மீட்டர். சுவரிலிருந்து வெளியே நீண்டது எவ்வளவு? ஆறில் பாதி, மூன்று. சுவரோரமாக எவ்வளவு? அதிகாரி தாளில் போட்டுப் பார்த்தார். மூன்று பெருக்கல் வர்க்கமூலம் மூன்று.

"வர்க்கமூலம் மூணு..." என்றார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பொதுமக்களே! என் உத்தியோகத்துல எத்தனையோ சாய்தளம் பார்த்திருக்கேன். வர்க்கமூலம் மூணை நாங்கதான் எப்பவும் வலுக்கட்டாயமா வரவழைப்போம். அதுக்காகச் சில வீட்டு வாசலை இடிச்சிருக்கோம். ஒரு ஆஸ்பத்திரியைக்கூட நகர்த்தச் சொல்லி நோட்டீஸ் குடுத்திருக்கோம். இங்க அது தானா வந்திருக்கு! இந்த மண்ணுல விதியை மதிக்கிற மக்கள் இன்னும் இருக்காங்கங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? சாய்தளத்துல யாராவது ஏறுவாங்களாங்கறது வேற விஷயம்."

அந்த வேற விஷயம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்துகொண்டிருந்தது. மாமியார் ஒற்றைக் கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, இன்னொரு கையால் புடவையைச் சரிசெய்தபடி, யாருடைய தயவும் இல்லாமல் மேலே போய், கதவைத் தாண்டி, கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியை நிறுத்தினார். ஒரு விரலால் மேஜையைத் தடவிப் பார்த்தார். "தூசியைத் துடைக்கறதுக்குத் துணி இல்லையா மாப்பிள்ளை? எல்லாத்தையும் தானம் பண்ணிட்டீங்களா?" என்றார். கடைக்காரர் சிரித்தபடி சட்டை நுனியாலேயே மேஜையைத் துடைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதிகாரி அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட உள்ளே வந்தார். பத்திரத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் இழுத்து, கண்ணை இடுக்கினார். மாமியார் அதைப் பார்த்துவிட்டார். பூனை பாலைப் பார்த்தால் சும்மா இருக்குமா?

"ஐயா, கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லாப் படிப்பீங்க போல."

"எழுத்தெல்லாம் இப்பச் சின்னதா அடிக்கறாங்கம்மா."

"இந்த மூக்கை வெச்சுக்கிட்டுக் கண்ணாடி இல்லாம இருக்கீங்களே, மூக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

அவ்வளவுதான். அதிகாரி திமிறிப் பார்த்தார், மூன்று சட்டம் மாட்டிப் பார்த்தார், விலை கேட்டுத் திடுக்கிட்டார், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார், கடைசியில் கறுப்புச் சட்டம் ஒன்றை வாங்கினார். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துத் தன் மூக்குக்கு மன்னிப்புக் கேட்காத குறை. பெருமையோடு தன் சாய்தளத்தைப் பார்க்க வெளியே போனார்.

"யோவ், பெட்டியைக் கொண்டா. இன்னொரு தடவை ஆசைதீரப் பார்த்துடறேன்."

காப்பாளர் பெட்டியைத் திறந்தார். மூலைமட்டத்துக்கு அடியில், அதுவரை வெறும் அலங்காரம் என்றே நினைத்திருந்த அரைவட்டப் பாகைமானி கிடந்தது. அதிகாரி அதைக் கையில் எடுத்தார். ஓரத்தைப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். அவர் வாய் மெல்லத் திறந்தது.

"யோவ்! இது ஓரத்துல போட்ட பூ வேலை இல்லைய்யா. கோடு! முப்பதுக்கும் நாற்பத்தஞ்சுக்கும் நடுவுல இவ்வளவு கோடா! இங்க பாரு, அஞ்சுகூட இருக்கு!"

காப்பாளர் எட்டிப் பார்த்தார். தினமும் துடைத்த பொருள். "நான் அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன் சார். போகவே இல்ல" என்றார்.

அதிகாரி பாகைமானியைச் சுவரோரம் தரையில் வைத்து, மண்டியிட்டு, சாய்தளத்தின் ஓரத்தை அளந்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இருபத்தொன்பதரை."

கடைக்காரர் பக்கத்தில் வந்து குனிந்தார். "சார்?"

"முப்பது இல்ல. இருபத்தொன்பதரை. அப்படி ஒண்ணு பலகையில இல்ல. இடிக்கணும்."

கடைக்காரர் அதுவரை வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார்: யோசிக்காமல் பேசினார். "சார், கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க!"

அதிகாரி கழற்றினார். குனிந்தார். "முப்பது." மாட்டினார். "இருபத்தொன்பதரை." கழற்றினார். "முப்பது." ஒவ்வொரு தடவையும் சாய்தளம் பிழைத்தது, செத்தது, பிழைத்தது. தெருவில் மறுபடி கூட்டம் கூடியது. மெத்தைக் கடைக்காரர் முன்யோசனையாக ஒரு மெத்தையை வெளியே இழுத்துப் போட்டார்.

அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். வாசலில் நின்றபடி மூக்குக்கண்ணாடியை உள்ளே நீட்டினார். "அம்மா, நான் நியாயமானவன். இதைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் பணத்தைக் குடுத்துடுங்க. நான் முப்பதுன்னே பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். உங்களுக்கும் சாய்தளம் நிக்கும், எனக்கும் மனசாட்சி உறுத்தாது."

கடைக்காரர் பணத்துக்காகக் கல்லாவை நோக்கிப் பாய்ந்தார். மாமியார் கல்லாமேல் கையை வைத்தார். அந்தக் கை நகரவில்லை.

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்கிறதா? இந்தக் கடையிலயா? நான் திரும்பி வந்து உட்கார்ந்த முதல் நாள்லயா?"

"அத்தை, சாய்தளம் போயிடும் அத்தை! அப்புறம் நீங்க நாளைக்கு எப்படி..."

"சும்மா இருங்க மாப்பிள்ளை. ஐயா, உள்ள வாங்க. உட்காருங்க. நான் முப்பது தர்றேன்னேன், இருபத்தொன்பதரை தந்துட்டேன். தப்பு என்னுதுதான். அரை குறையுது. நல்ல வாடிக்கையாளர்கிட்ட அரைக்காகச் சண்டையா போடுவேன்? கணக்குல வெச்சுக்குங்க. எப்ப கிடைக்குதோ அப்பத் தந்துடறேன்."

"கோணத்தைக் கடனா வெக்கறதுக்கு விதி இல்லையேம்மா."

"வெக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

அதிகாரி காப்பாளரைப் பார்த்தார். காப்பாளர் மனத்துக்குள் எல்லா விதிகளையும் ஒரு தடவை ஒப்பித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"வட்டி?" என்றார் அதிகாரி, பலவீனமாக.

"நீங்க ஆஸ்பத்திரியை நகர்த்தச் சொன்னீங்களே, அதுக்கு வட்டி குடுத்தீங்களா?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எழுத்து நன்றாகத் தெரிந்தது. மாமியார் சொல்லச் சொல்ல, பத்திரத்தின் அடியில் அழகான கையெழுத்தில் எழுதினார்:

அனுமதித்தது முப்பது. கட்டி ஒப்படைத்தது இருபத்தொன்பதரை. பாக்கி, அரை பாகை.